கட்டுரை படித்துவிட்டு ‘சொந்த எதிர்வினை’ எழுதச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவர். மொந்தேன், பேகன், லாம்ப், ஆர்வெல், வர்ஜீனியா வூல்ஃப் என்று வரிசையாகக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு பக்கம் தன் எதிர்வினையை எழுதித் தர வேண்டும். அவர் கேட்டது இது: “கட்டுரையின் சாரத்தை எழுதினால் ‘இதில் உன்னைக் காணோம்’ என்கிறார்கள். என்னைப் பற்றி எழுதினால் ‘கட்டுரையைக் காணோம்’ என்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆட்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தோன்றுகிறது. என்னதான் எழுதுவது?”

தகுதிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் பேனா நகராது.

கட்டுரை என்ற வடிவமே ஒரு வாசகரின் எதிர்வினையாகத்தான் பிறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் தெ மொந்தேன் 1571-ல், தன் 38-ஆம் பிறந்த நாளில், நீதிமன்றப் பதவியின் சுமையெல்லாம் போதும் என்று முடிவுசெய்து வீட்டுக் கோபுரத்திலிருந்த நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு அந்த அறையின் உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்தார். அங்கே அவர் செய்த வேலை, படிப்பதும் படித்ததில் உறுத்தியதைக் குறிப்பதும்தான். அவருடைய ஆரம்பக்காலக் கட்டுரைகள் சிலவற்றைப் பாருங்கள். ஏதோ ஒரு பழைய நூலிலிருந்து ஒரு சம்பவம், இன்னொன்றிலிருந்து ஒரு வரி, நடுவே அவருடைய வாக்கியங்கள் சில. அந்தச் சில வாக்கியங்கள் பெருகி, மேற்கோள்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவரே பேசத் தொடங்கியபோதுதான் இன்று நாம் கட்டுரை என்று சொல்வது உருவாயிற்று. 1580-ல் முதல் இரண்டு தொகுதிகள் அச்சில் வந்தன.

புத்தகங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் தன் பழக்கம் ஒன்றைச் சொல்கிறார். அவருக்கு ஞாபக மறதி அதிகம். புதிது என்று நினைத்துக் கையில் எடுத்த புத்தகத்தில், சில வருடங்களுக்கு முன்பு தானே கவனமாகப் படித்துக் கிறுக்கிவைத்த குறிப்புகளைப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அதனால் ஒரு புத்தகத்தை முடித்ததும், முடித்த நாளையும் அதைப் பற்றித் தனக்கு அப்போது தோன்றிய கருத்தையும் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தார். அந்தக் குறிப்புகளில் சிலவற்றை அப்படியே கட்டுரைக்குள் எடுத்துப் போட்டும் இருக்கிறார். உங்களிடம் கேட்கிற அசைன்மென்ட் இதுவேதான்.

அதே கட்டுரையில் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசெரோவைப் பற்றி அவர் சொல்வதையும் தேடிப் படியுங்கள். ஐரோப்பியப் பள்ளிக்கூடங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய சிசெரோவை ஒரு மணி நேரம் படித்த பிறகு கையில் மிஞ்சியது என்ன என்று பார்த்தால் பெரும்பாலும் வெறும் காற்றுதான் என்கிறார். பீடிகை நீளம், பாகுபாடு நீளம், விஷயத்துக்கு வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது என்கிறார். பிளேட்டோவின் உரையாடல்களும் இழுக்கின்றன என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு யார் தகுதி கொடுத்தார்கள்? உட்கார்ந்து படித்தார், தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். எங்கே சலித்தது, ஏன் சலித்தது என்றும் சொன்னார். அந்த ‘எங்கே’, ‘ஏன்’ இரண்டும் இருந்துவிட்டால் சலிப்புகூட நல்ல எதிர்வினைதான். அவை இல்லாவிட்டால் பாராட்டுக்குக்கூட மதிப்பில்லை.

இனி அந்த இரண்டு புகார்கள். ‘உன்னைக் காணோம்’, ‘கட்டுரையைக் காணோம்’ என்பவை எதிரெதிரான இரண்டு நோய்கள் போலத் தெரியும். பல ஆண்டுகளாக மாணவர்களின் வாசிப்புக் குறிப்புகளைப் படித்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. படிக்கும்போது நீங்கள் எந்த வரியில் நின்றீர்கள் என்பது பக்கத்தில் இல்லை. அந்த இடத்தைக் காட்டிவிட்டால் நீங்களும் அங்கே இருப்பீர்கள், கட்டுரையும் அங்கே இருக்கும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆர்வெல் 1931-ல் எழுதிய தூக்குத் தண்டனைக் கட்டுரை உங்கள் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கிறேன். பர்மாவில் ஒரு சிறைச்சாலை, மழைக்கால விடியல். ஒல்லியான, தலை மழித்த ஓர் இந்துக் கைதியைத் தூக்கு மேடைக்குக் கூட்டிப்போகிறார்கள். வழியில் எங்கிருந்தோ ஒரு நாய் ஓடிவந்து எல்லாரையும் சுற்றிக் குதிக்கிறது, கைதியின் முகத்தை நக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு மறுபடி நடக்கிறார்கள். மேடைக்குச் சற்று முன்னால், இரண்டு தோள்களையும் காவலர்கள் பிடித்திருந்தும், வழியில் தேங்கிக் கிடந்த மழைநீரை மிதிக்காமல் அந்த மனிதன் லேசாக விலகி அடி எடுத்துவைக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு வெள்ளையரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து சிரித்துப் பேசிக் குடிக்கிறார்கள். இறந்தவன் நூறு கஜ தூரத்தில் இருக்கிறான்.

இதற்குப் பொதுவாக என் கைக்கு வருகிற எதிர்வினை இப்படி இருக்கும்:

“இக்கட்டுரை மரண தண்டனையின் கொடூரத்தை நமக்கு உணர்த்துகிறது. ஆர்வெல் எளிய நடையில் ஆழமான கருத்துகளைச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது என் மனம் கனத்தது. மனித உயிர் விலைமதிப்பற்றது என்பதை நான் உணர்ந்தேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கட்டுரையைப் படிக்காமலே இந்த நான்கு வாக்கியங்களையும் எழுதிவிடலாம். மனம் கனத்தது என்கிறார், எந்த வரியில் கனத்தது என்று சொல்லவில்லை. இன்னொரு விதமாக எழுதிப் பார்க்கிறேன்:

“அவன் தண்ணீரை விட்டு விலகி நடக்கிற வரியில் நின்றுவிட்டேன். அடுத்த பத்தியிலேயே அதன் பொருளை ஆர்வெல் விளக்கிவிடுகிறார். அந்த விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. கால் நனையக் கூடாது என்று அவன் யோசித்திருப்பான் என்று தோன்றவில்லை. கால் தானாக விலகியிருக்கிறது. அதுவரை அவனைப் பிறர்தான் நிறுத்துகிறார்கள், கட்டுகிறார்கள், நடத்திப்போகிறார்கள். மேடையில் நின்று கடவுளை அழைப்பதற்கு முன்னால் அவனாகச் செய்வது இந்த ஓர் அடிதான். திரும்பிப் படித்தபோது நாய் வருகிற இடம் வேறு மாதிரி தெரிந்தது. அங்கே இருக்கிற கூட்டத்தில் அவனை மற்றவர்களைப் போல ஒரு மனிதனாக நடத்தியது அது ஒன்றுதான். பிறகுதான் இன்னொன்று உறைத்தது: அவன் செய்த குற்றம் என்ன என்று ஆர்வெல் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், குற்றம் கொடியதாக இருந்திருந்தால், அந்த ஓர் அடியை நான் கவனித்திருப்பேனா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.”

இரண்டாவதில் ‘நான்’ எவ்வளவு இருக்கிறது, கட்டுரை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பிரிக்க வராது. எழுதியவர் தன் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் அவரை நமக்குத் தெரிகிறது. எரிச்சல்படுகிறார், சந்தேகப்படுகிறார், தன் இரக்கத்தின் மேலேயே சந்தேகம் கொள்கிறார். ஆர்வெல் மேல் குறையும் சொல்கிறார், அது துடுக்காகப் படவில்லை, ஏனென்றால் குறைசொல்லும் இடம் நம் கண்முன் இருக்கிறது. எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. அந்த விளக்கப் பத்தியில்தான், அந்த மனிதனின் உடம்புக்குள் எல்லா உறுப்புகளும் வேலை செய்துகொண்டிருப்பதையும், நகங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதையும் ஆர்வெல் சொல்கிறார். அதை இழக்க எனக்கு மனம் வராது. ஆனால் இப்படி ஆசிரியர் மாணவரோடு வாதாடும்படி ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தால் அது வெற்றிதான்.

நின்ற இடம் என்றால் பிடித்த இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த வரியை அடிக்கோடிட எல்லாருக்கும் தெரியும், பெரும்பாலும் எல்லாரும் ஒரே வரியைத்தான் கோடிடுகிறார்கள். வேகம் குறைந்த இடம், புரியாமல் இரண்டாவது முறை படித்த இடம், ‘இது என்ன பேச்சு’ என்று கோபம் வந்த இடம், காரணம் தெரியாமல் சிரிப்பு வந்த இடம், யாருக்கும் தெரியாமல் தாண்டிக் குதித்த பத்தி, இவையெல்லாம் கணக்கில் சேரும். தாண்டிக் குதித்த பத்திக்குத் திரும்பிப் போய் ஏன் தாண்டினேன் என்று பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகளில் நான் மிக நல்லவற்றைப் படித்திருக்கிறேன்.

சின்ன இடங்களை நம்புங்கள். நரமாமிசம் உண்பவர்கள் என்று சொல்லப்பட்ட பிரேசில் பழங்குடிகளைப் பற்றிய மொந்தேனின் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். கொன்ற பிறகு உண்பது கொடுமை என்றால், மதத்தின் பெயரால் உயிரோடு வதைக்கிற நாம் யார் என்று அவர் கேட்பதுதான் அதன் பிரபலமான பகுதி. எல்லா எதிர்வினையும் அங்கேதான் போய் நிற்கும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பிரான்சின் ரூவான் நகரத்துக்கு வந்திருந்த மூன்று பழங்குடி மனிதர்களிடம் இங்கே உங்களுக்கு எது வியப்பாக இருந்தது என்று கேட்கிறார்கள். மூன்று விஷயம் சொன்னார்கள் என்கிறார் மொந்தேன். தாடிவைத்த, ஆயுதம் தாங்கிய பெரிய ஆண்கள் ஒரு சிறுவனுக்குக் கீழ்ப்படிந்து நிற்பது ஒன்று. அப்போது பிரெஞ்சு அரசர் சிறுவர். ஒரு பாதி மக்கள் எல்லாம் நிறைந்து வாழ, மறுபாதி அவர்கள் வாசலில் பசியோடு நின்று பிச்சையெடுப்பதும், அப்படி நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களின் குரல்வளையைப் பிடிக்காமல் பொறுத்திருப்பதும் இன்னொன்று. மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டேன், வருத்தமாக இருக்கிறது என்கிறார்.

அந்த மறதியைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதலாம். உண்மையிலேயே மறந்தாரா? அரசரையும் பணக்காரர்களையும் தொட்ட பிறகு மூன்றாவதைச் சொல்லப் பயந்தாரா? மறந்ததை மறைக்காமல் சொன்னதால் முதல் இரண்டின் மேல் நமக்கு நம்பிக்கை கூடுகிறதா? அந்த மூன்று பேர் கடல் கடந்து வந்து சொன்ன வார்த்தையில் மூன்றில் ஒரு பங்கு ஒரு பிரபுவின் ஞாபக மறதியில் தொலைந்துபோனது உங்களுக்குக் கோபமூட்டுகிறதா? எனக்குப் படிக்கும்போதெல்லாம் கடைசிக் கேள்விதான் மேலே வருகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம்.

சொந்த வாழ்க்கையை எப்போது உள்ளே கொண்டுவருவது? இந்த இடம் கடினமானது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சார்ல்ஸ் லாம்பின் கனவுக் குழந்தைகள் பற்றிய கட்டுரை 1822 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. ஒருவர் தன் இரண்டு குழந்தைகளுக்கு, ஆலிஸுக்கும் ஜானுக்கும், அவர்களுடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கதை சொல்கிறார். பாட்டி அந்தக் காலத்தில் நன்றாக நடனம் ஆடுவாள் என்று சொல்லும்போது ஆலிஸின் சின்ன வலது கால் தன்னையறியாமல் அசைகிறது. தோட்டத்துப் பழங்களைப் பறிக்க ஆசைப்படாமல் சும்மா சுற்றிவருவேன் என்று அப்பா சொல்லும்போது, ஜான் தட்டிலிருந்து எடுத்திருந்த திராட்சைக் கொத்தை ஓசைப்படாமல் திருப்பி வைத்துவிடுகிறான். பிறகு இறந்துபோன பெரியப்பாவின் கதை. அதன் பிறகு, தான் ஏழு வருடம் காதலித்த பெண்ணின் கதை; அவள் பெயரும் ஆலிஸ்தான். சொல்லிக்கொண்டே குழந்தையைப் பார்க்கிறார்; குழந்தையின் கண்களில் அந்தப் பெண் தெரிகிறாள். குழந்தைகள் மங்கிக்கொண்டே போய், நாங்கள் ஆலிஸின் பிள்ளைகளும் இல்லை, உன் பிள்ளைகளும் இல்லை, பிள்ளைகளே இல்லை என்று சொல்லி மறைகிறார்கள். விழித்தால் கல்யாணம் ஆகாத மனிதர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் ஒரு சாவைப் பார்த்த மாணவர் தன் துக்கத்தை எழுதுவது இயல்பு. எழுதத்தான் வேண்டும். ஆனால் பல குறிப்புகளில் லாம்ப் முதல் வரியில் வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார், அதற்கப்புறம் திரும்பி வருவதே இல்லை. அந்தப் பக்கங்கள் உண்மையாக இருக்கும், படிக்கிறவர் கண் கலங்கவும் கூடும், ஆனாலும் அவை கட்டுரைக்கான எதிர்வினை ஆகாது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: உங்கள் அனுபவத்தைச் சொல்லி முடித்த பிறகு, கட்டுரையில் இதுவரை தெரியாத ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அனுபவம் உள்ளே இருக்கட்டும். தெரியாவிட்டால் அதை வேறொரு நோட்டில் எழுதுங்கள், அங்கே அதற்கு இன்னும் நல்ல இடம் உண்டு.

உதாரணமாக, அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் இதைப் படித்தால் பெரியப்பா ஜான் வருகிற பகுதியில் ஒரு விஷயத்தைப் பிடிப்பார், மற்றவர்கள் அதைத் தவறவிடுவார்கள். அவருடைய அன்பை இழந்தேன், அவருடைய சிடுசிடுப்பையும் இழந்தேன் என்கிறார் கதைசொல்லி. அவர் இல்லாமல் இருப்பதைவிட அவரோடு சண்டை போட்டுக்கொண்டாவது இருக்கலாம் போலிருந்தது என்கிறார். இறந்தவரின் நல்ல குணங்களுக்காக ஏங்குவதைத்தான் உலகம் எதிர்பார்க்கும். சண்டைக்காக ஏங்குவது இழந்தவருக்குத்தான் தெரியும். ‘என் அண்ணன் கத்துவதுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது, அதனால் இந்த வரியை லாம்ப் யோசித்து எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்’ என்று ஒருவர் எழுதினால், அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய வீடும் லாம்பின் பக்கமும் ஒருசேரத் தெரியும்.

இதற்குப் பிறகு வரலாற்றைப் பாருங்கள். லாம்பின் அண்ணன் ஜான் 1821 அக்டோபரில் இறந்தார். கட்டுரை வந்தது அதற்கடுத்த ஜனவரியில். லாம்ப் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மனநிலை பாதித்த நேரத்தில் தாயைக் கொன்றுவிட்ட அக்கா மேரியை ஆயுள் முழுவதும் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கட்டுரையின் கடைசியில் நாற்காலிக்குப் பக்கத்தில் பிரிட்ஜெட் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது அந்த அக்காதான். இது தெரிந்ததும் கட்டுரை இன்னொரு மடங்கு கனக்கும். ஆனால் இதை முதலிலேயே படித்துவிட்டால் நீங்கள் லாம்புக்காகப் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள், அந்தத் திராட்சைக் கொத்தைக் கவனிக்க மாட்டீர்கள். அதனால்தான் முன்னுரை, விமர்சனம், இணையத்தில் கிடைக்கும் விளக்கவுரை எல்லாவற்றையும் உங்கள் முதல் குறிப்பை எழுதிய பிறகே தொடச் சொல்கிறேன். தொடவே கூடாது என்று சொல்லவில்லை. தொட்ட பிறகு உங்கள் கருத்து மாறினால், மாறியதையும் எழுதுங்கள்.

பேகன் வேறு வகை. மாணவர்கள் அதிகம் திணறுவது அவரிடம்தான், காரணமும் நியாயமானது. மொந்தேனும் லாம்பும் நம்மோடு பேசுகிறார்கள். பேகன் தீர்ப்புச் சொல்கிறார். ‘நான்’ என்ற ஆளே அங்கே அபூர்வம். 1597-ல் பத்துக் கட்டுரைகளோடு வந்த அவருடைய புத்தகம் 1612-ல் 38 ஆகி, 1625-ல் 58 ஆயிற்று. அத்தனையிலும் வாக்கியங்கள் இறுக்கிக் கட்டியவை. கல்வியைப் பற்றிய கட்டுரையில், வாசிப்பு மனிதனை நிறைவாக்கும், உரையாடல் சட்டென்று பதில்தரத் தயாராக்கும், எழுத்து துல்லியமாக்கும் என்கிறார். இதற்கு என்ன எதிர்வினை எழுதுவது? ‘மிகச் சரியாகச் சொன்னார்’ என்பதோடு நின்றுவிடுகிறது.

பேகனிடம் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பாருங்கள். எழுதியதால் துல்லியமான ஒரு சந்தர்ப்பம் உங்களுக்கு உண்டா? எழுதியதால் பொய் இன்னும் பளபளப்பான சந்தர்ப்பம் உண்டா? நிறையப் பேசியதால் தயார்நிலை வந்ததா, அல்லது யோசிக்கும் பழக்கம் போயிற்றா? அவர் சொல்லாமல் விட்ட நான்காவது ஒன்று உண்டா, உதாரணமாக மௌனம் மனிதனை என்ன ஆக்கும்? இப்படிக் கேட்க ஆரம்பித்தால், இறுகி நின்ற வாக்கியம் பேச ஆரம்பிக்கும். அதே கட்டுரையில் அவரே வழியும் சொல்கிறார்: மறுத்து வாதாடுவதற்காகப் படிக்காதே, நம்பி ஏற்றுக்கொள்வதற்காகவும் படிக்காதே, எடைபோட்டுப் பார்ப்பதற்காகப் படி. யார் சொன்னாலும் மெய்ப்பொருள் காண்பது என்று நம் மொழியில் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

எடைபோடாமல் சண்டை போட்டவர்களும் உண்டு, அவர்களையும் எனக்குப் பிடிக்கும். கவிஞர் வில்லியம் பிளேக் தன்னிடமிருந்த பேகன் கட்டுரைத் தொகுதியின் முகப்புப் பக்கத்திலேயே, சாத்தானின் ராஜ்ஜியத்துக்கு நல்ல ஆலோசனை என்று எழுதிவைத்தார். உள்ளே ஓரங்களிலும் திட்டு தொடர்கிறது. அதை ஓர் எதிர்வினை என்ற முறையில் நான் மதிக்கிறேன். பேகன் உலகியல் வெற்றியின் கணக்கைச் சொல்கிறார், அதில் ஆன்மாவுக்கு இடமில்லை என்று பிளேக்குக்குப் பட்டிருக்கிறது. ஆனால் அது தனக்காக எழுதிய ஓரக் குறிப்பு. இன்னொருவர் படிக்க எழுதும்போது ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும்: மறுக்கப்போகும் கருத்தை, அதைச் சொன்னவரே ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு உங்கள் வார்த்தையில் முதலில் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும்போதே பாதி மறுப்பு கரைந்துபோவதும் உண்டு. கரையாமல் மிஞ்சுவதுதான் எழுத வேண்டியது.

கோபம் வருகிற இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரைகளில் பல, பெண்களையும் வேறு இனத்தவரையும் ஏழைகளையும் கணக்கில் எடுக்காத ஆண்கள் எழுதியவை. நட்பைப் பற்றிய மொந்தேனின் கட்டுரை உலகத்தின் மிக அழகான எழுத்துகளில் ஒன்று. அதில், இப்படிப்பட்ட நட்பின் இறுக்கத்தைத் தாங்கும் வலு பொதுவாகப் பெண்களின் மனதுக்குக் கிடையாது என்று அவர் போகிறபோக்கில் சொல்கிறார். அதைப் படிக்கும் மாணவிக்குக் கட்டுரை கையிலிருந்து நழுவுகிறது. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று அவருக்காக நீங்கள் மன்னிப்பு வழங்க வேண்டியதில்லை, அந்த ஒரு வரிக்காகக் கட்டுரையை மூடிவைக்க வேண்டியதும் இல்லை. நழுவியதை எழுதுங்கள். எவ்வளவு அருகில் போயிருந்தீர்கள், எந்தச் சொல்லில் வெளியே தள்ளப்பட்டீர்கள், திரும்பி உள்ளே போக முடிந்ததா என்று எழுதுங்கள். மொந்தேன் இறந்த பிறகு, 1595-ல், அவருடைய கட்டுரைகளை விரிவான பதிப்பாகக் கொண்டுவந்தவர் மரி தெ கூர்னே என்ற பெண். பின்னாளில் ஆணும் பெண்ணும் சமம் என்று 1622-ல் தனி நூலே எழுதியவர். அந்த வரியையும் அவர் அச்சுக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவரை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

பேசுகிறவரும் எழுதியவரும் ஒருவரேதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று 1729-ல் ஸ்விஃப்ட் வெளியிட்ட யோசனையில் பேசுபவர் ஸ்விஃப்ட் இல்லை, அவர் உருவாக்கிய ஒரு கணக்குப் பிள்ளை. லாம்ப் எழுதியதும் எலியா என்ற பெயரில். ஆர்வெல் அந்தத் தூக்கை நேரில் பார்த்தாரா என்றுகூட அவருடைய வாழ்க்கை வரலாற்றாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். ‘ஆர்வெல் வருந்தினார்’ என்று எழுதுவதற்கு முன்னால் ‘கட்டுரையில் பேசுபவர்’ என்று போட்டுப் பாருங்கள். சில நேரம் அந்த மாற்றமே புதிதாக ஒன்றைக் காட்டும்.

எப்போது எழுதுவது என்பது எப்படி எழுதுவது என்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வர்ஜீனியா வூல்ஃப் ஒரு பெண்கள் பள்ளியில் ஆற்றிய உரையிலிருந்து வளர்த்து எழுதிய கட்டுரை ஒன்றில், புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு யாருடைய ஆலோசனையையும் கேட்காதே என்று தொடங்குகிறார். பிறகு தன் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறார். படிப்பில் இரண்டு கட்டம் உண்டு என்கிறார் அவர். முதலில் திறந்த மனதோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது. பிறகு வாசிப்பின் தூசி அடங்கும்வரை காத்திருப்பது. நடக்கலாம், பேசலாம், தூங்கலாம். அதன் பிறகு புத்தகம் தானாகத் திரும்பி வரும், அப்போது முழு உருவமாக வரும், தீர்ப்பு அப்போதுதான் சாத்தியம்.

ஆகவே இரண்டு முறை எழுதுங்கள். படித்த அன்றே, நின்ற இடங்களை மட்டும், தேதி போட்டு, அரைகுறை வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை. சில நாள் கழித்து, கட்டுரையை மறுபடி படித்த பிறகு இரண்டாவது முறை. இரண்டாவதை எழுதும்போது முதலாவதை அடிக்காதீர்கள். நான் சேர்ப்பேன், திருத்த மாட்டேன் என்று மொந்தேன் ஓரிடத்தில் சொல்கிறார். 1588-ல் வந்த தன் புத்தகத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, 1592-ல் சாகும்வரை அதன் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி இன்றும் போர்தோ நகரத்தில் இருக்கிறது. நட்பைப் பற்றிய கட்டுரை யாரைப் பற்றியதோ, அந்த நண்பர் லா போயெசி இறந்தது 1563-ல். அவரை ஏன் நேசித்தேன் என்று வற்புறுத்திக் கேட்டால் சொல்ல முடியாது என்றுதான் அச்சில் வந்த பதிப்புகளில் இருந்தது. பிறகு ஓரத்தில், ‘அவர் அவராக இருந்ததால்’ என்று சேர்த்தார். ‘நான் நானாக இருந்ததால்’ என்பது இன்னொரு மையில், இன்னொரு சமயம் சேர்த்தது. நண்பர் போய்க் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அந்த வாக்கியம் முழுமையடைந்தது. உங்கள் முதல் குறிப்பில் ‘ஏன் என்று சொல்லத் தெரியவில்லை’ என்று நின்றால் அங்கேயே நிற்கட்டும், கீழே இடம் விட்டு வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வாக்கியத்தில் ஆசிரியரின் பிறப்பு வளர்ப்பு வேண்டாம். நேராக நின்ற இடத்துக்குப் போங்கள். சாரம் தேவைப்படும், ஆனால் நீங்கள் நின்ற இடம் படிப்பவருக்குப் புரியும் அளவுக்கு மட்டும். ‘கவர்ந்தது’, ‘நெகிழவைத்தது’, ‘சிந்திக்கத் தூண்டியது’ என்ற மூன்றையும் எழுதிய பிறகு ஒருமுறை தேடிப் பார்த்து, அவை இருக்கும் இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று போடுங்கள். சிந்திக்கத் தூண்டியது என்றால் சிந்தித்ததை எழுதிவிடலாமே. கட்டுரையிலிருந்து ஓரிரு சொற்றொடராவது அப்படியே எடுத்துக் காட்டுங்கள், ஆனால் பத்தி பத்தியாக வேண்டாம். முடிவுரை என்று ஒன்று கட்டாயம் இல்லை. சந்தேகத்தில் முடிந்தால் சந்தேகத்தோடு விடுங்கள்.

எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழியில் முதல் குறிப்பை எழுதுங்கள். ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டிய குறிப்பாக இருந்தாலும், முதலில் தமிழில் ‘இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு கர்வம்’ என்று எழுதிவிட்டு, எந்தச் சொல் அப்படிக் கர்வமாகப் பட்டது என்று தேடுங்கள். கையில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் பலருக்குக் கோபமும் சிரிப்பும் வெளியே வராமல் ‘கட்டுரை நன்று’ என்பது மட்டும் வருகிறது.

உங்கள் பட்டியலில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆர்வெலிலிருந்து. சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம், நிற்க இடம் நிறைய. அடுத்து லாம்ப். மொந்தேனை அதற்குப் பிறகு, பழங்குடிகளைப் பற்றிய கட்டுரையில் ஆரம்பித்து நட்புக்குப் போங்கள். பேகனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒரு கட்டுரைக்கு மேல் வேண்டாம். வூல்ஃபை நடுவில் எங்கே சலிப்பு வருகிறதோ அங்கே எடுங்கள். முதல் குறிப்பு எழுதியதும், ஆர்வெலில் நீங்கள் நின்ற வரி எது என்று எனக்கும் எழுதுங்கள்.